போன நம்பிக்கை திரும்புமா?

“முன்னெல்லாம் மக்கள் அரசாங்கத்தை நம்பினார்கள், இப்போது எந்த நாட்டைப் பார்த்தாலும் அந்த நம்பிக்கை சரிந்துவிட்டது என்கிறார்கள். இது எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது, ஒருமுறை போனால் திரும்ப வருமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் உங்கள் மனதை அரிப்பது கடைசிக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரும்ப வரும், ஆனால் அது எப்படிப் போனது என்பதைப் பொறுத்து. பொருளாதாரம் விழுந்ததாலோ ஒரு திட்டம் தோற்றதாலோ போன நம்பிக்கை மெல்ல மெல்லத் திரும்புவதைப் பல நாடுகளில் பார்க்கிறோம். தெரிந்தே மறைத்தார்கள் என்பதால் போனது அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. இருபது வருடத்துக்கும் மேலாகக் கருத்துக்கணிப்புதான் எனக்கு வேலை. கேள்வித்தாள் தயாரிப்பது, வீடு வீடாகப் போய்க் கேட்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, வந்த எண்களைப் பிரித்துப் பார்ப்பது, இதுவே என் பிழைப்பு. அந்த அனுபவத்திலிருந்தும் படித்ததிலிருந்தும் எழுதுகிறேன்.

முதலில் அந்த “முன்னெல்லாம்” என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். இந்த விஷயத்தில் மிக நீண்ட காலக் கணக்கு இருப்பது அமெரிக்காவில். 1958-இல் மிஷிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வாஷிங்டனில் உள்ள அரசாங்கம் சரியானதைச் செய்யும் என்று எந்த அளவுக்கு நம்புகிறீர்கள், எப்போதுமா, பெரும்பாலுமா, சில நேரம் மட்டுமா என்று கேட்டார்கள். எப்போதும் அல்லது பெரும்பாலும் என்று சொன்னவர்கள் 73 சதவீதம். 1964-இல் அது 77 ஆனது. அப்புறம் சரிவு. 1970-இல் 54, வாட்டர்கேட் என்ற முறைகேட்டை மறைத்தது அம்பலமாகி அதிபர் நிக்சன் பதவி விலகிய 1974-இன் கடைசியில் 36, 1980 வாக்கில் நான்கில் ஒருவர்தான். எண்பதுகளில் மறுபடி நாற்பதைத் தாண்டி ஏறியது, 1994-இல் இருபதுக்கு அருகில் விழுந்தது, பிறகு ஏறியது, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு சட்டென்று அறுபதைத் தொட்டது. 2023-இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது 16, அடுத்த வருடம் 22.

இந்த வரிசையில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. சரிவு வாட்டர்கேட்டில் தொடங்கவில்லை. அதற்குப் பல வருடம் முன்பே, வியட்நாம் போரைப் பற்றி மேலிடம் சொன்னதும் வீட்டுத் தொலைக்காட்சியில் தெரிந்ததும் வேறு வேறாக இருந்த காலத்திலேயே, நம்பிக்கை இறங்கத் தொடங்கிவிட்டது. வாட்டர்கேட் ஏற்கெனவே ஓட்டை விழுந்த பாத்திரத்தைக் கவிழ்த்தது, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. அளக்கத் தொடங்கிய காலமே உச்சியில் இருந்த காலம். போர் முடிந்து, வருமானம் வளர்ந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. 1930-களின் பெருமந்தத்தில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மலை உச்சியில் நின்று அளக்க ஆரம்பித்தால் எந்தப் பக்கம் நடந்தாலும் இறக்கமாகத்தான் தெரியும். தவிர, அந்த 77 சதவீத வருடத்தில் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் வாக்களிக்க முடியாத நிலையில் இருந்தார்கள், வாக்குரிமைச் சட்டம் வந்தது 1965-இல்தான். நம்பிக்கை உயரமாக இருந்தது என்பதால் ஆட்சி நன்றாக இருந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இதைச் சொல்லாமல் பழைய காலத்துக்காக ஏங்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

எல்லா நாட்டிலும் இறங்குமுகம்தான் என்பதும் சரியல்ல. ஸ்வீடனில் அறுபதுகளின் கடைசியிலிருந்து தொண்ணூறுகளின் கடைசி வரை அரசியல்வாதிகள் மீதான நம்பிக்கை தொடர்ந்து இறங்கியது, அதன் பிறகு நிமிர்ந்தது. பின்லாந்தும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடுமையான பொருளாதாரச் சரிவைக் கண்டது, வேலையில்லாதவர்கள் ஆறில் ஒருவர் என்ற நிலை வரை போனது. அப்போது விழுந்த நம்பிக்கையும் பிறகு எழுந்தது. அதனால் நவீன காலம் என்றாலே நம்பிக்கை தேய்ந்துகொண்டே போகும் என்று ஒரு விதி இல்லை. இதை உறுதியாகச் சொல்லலாம்.

அடுத்து, இந்த எண் எதை அளக்கிறது என்பது. பல வருடங்களுக்கு முன் ஒரு கேள்வித்தாளைச் சோதித்துப் பார்ப்பதற்காகப் பேட்டி எடுக்கும் பெண்ணுடன் நானும் போயிருந்தேன். திண்ணையில் ஒரு பெரியவர். “ஐயா, அரசாங்கத்தை எந்த அளவுக்கு நம்புகிறீர்கள்?” என்று அவள் கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “எந்த அரசாங்கத்தம்மா? மேலே உட்கார்ந்திருக்கிறவங்களையா, மாசாமாசம் என் பென்ஷனைக் கொண்டுவந்து கையில் கொடுக்கிற தபால்காரரையா?” என்றார். அவள் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தாளில் இருந்தது ஒரே ஒரு கட்டம். கடைசியில் “மேலே இருக்கிறவங்கன்னா இல்லைன்னு போட்டுக்கோ” என்றார் அவர். அப்புறம் எழுந்து உள்ளே போகும்போது திரும்பி, “இதை யாரெல்லாம் பார்ப்பாங்க?” என்று ஒரு கேள்வி கேட்டார். அந்த இரண்டு கேள்விகளுக்குள் இந்தத் துறையின் பாதிச் சிக்கல் அடங்கியிருக்கிறது.

அவருடைய முதல் கேள்வியை அரசியல் அறிஞர் டேவிட் ஈஸ்டன் 1965-லேயே வேறு சொற்களில் எழுப்பியிருக்கிறார். இப்போது ஆட்சியில் இருப்பவர்கள் செய்வதைப் பார்த்து வரும் ஆதரவு ஒன்று, ஆள் மாறினாலும் அமைப்பின் மேல் நிற்கும் பொதுவான ஆதரவு இன்னொன்று. இரண்டும் வேறு வேறு வேகத்தில் நகர்பவை. 1974-இல் அரசியல் அறிஞர்கள் ஆர்தர் மில்லரும் ஜாக் சிட்ரினும் இதை வைத்தே ஒரு பெரிய விவாதம் நடத்தினார்கள். அமெரிக்காவில் விழுந்திருப்பது அமைப்பின் மீதான நம்பிக்கை என்றார் மில்லர், பதவியில் இருக்கும் ஆட்களின் மீதுள்ள கோபம்தான் இது என்றார் சிட்ரின். ஐம்பது வருடமாகியும் அது முழுதாகத் தீரவில்லை. என் அனுபவத்தில் வாராவாரம் செய்தியில் வரும் எண்களில் பெரும்பகுதி சிட்ரின் சொன்ன வகையைச் சேர்ந்தது. அதற்கு நல்ல சாட்சி, அமெரிக்காவில் அதிபர் மாறிய மறுநாளே ஒரு கட்சிக்காரர்களின் நம்பிக்கை ஏறுகிறது, எதிர்க்கட்சிக்காரர்களின் நம்பிக்கை இறங்குகிறது. அலுவலகங்களில் ஒரு நாற்காலிகூட நகர்ந்திருக்காது, அதற்குள் எண் மாறிவிடும்.

இதே போல, போர், தாக்குதல், பெருந்தொற்று என்று வெளியிலிருந்து ஆபத்து வரும்போது மக்கள் ஆட்சியாளரைச் சுற்றித் திரள்வார்கள். 1970-இல் ஜான் முல்லர் என்ற அரசியல் அறிஞர் இதை முதலில் ஒழுங்காக அளந்து காட்டினார். 2001-இல் நடந்ததும், 2020-இன் தொடக்கத்தில் பல நாடுகளில் நடந்ததும் இதுவே. இந்த ஏற்றம் சில மாதங்களில், மிஞ்சினால் ஓரிரு வருடங்களில் வடிந்துவிடும். இதைச் சம்பாதித்த நம்பிக்கை என்று நினைத்துக்கொள்ளும் ஆட்சியாளர்கள்தான் அடுத்த வருடம் திகைத்து நிற்கிறார்கள்.

பொருளாதாரத்தின் பங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அது பெரிய பங்கு, எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் ஐஸ்லாந்தைக் கொஞ்சம் கவனியுங்கள். 2008-இல் அந்த நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் சில நாட்களுக்குள் விழுந்தன. அடுத்த வருடத் தொடக்கத்தில் நாடாளுமன்றத்தை நம்புகிறோம் என்றவர்கள் 13 சதவீதம்தான். அதே நாட்டில் அதே நேரத்தில் காவல்துறையின் மீதும் கடலோரக் காவல்படையின் மீதும் இருந்த நம்பிக்கை மிக உயரத்திலேயே நின்றது. “மக்கள் எதையுமே நம்புவதில்லை” என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த நினைவுதான் வரும். மக்கள் எதன் மேல் கோபப்பட வேண்டுமோ அதன் மேல் மட்டும் கோபப்பட்டார்கள். திண்ணைப் பெரியவரும் தபால்காரரை விட்டுக்கொடுக்கவில்லையே.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அரசு தோற்பது ஒன்று, தோற்றதை மறைப்பது வேறு. அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்ற நகரம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காக நகரின் குடிநீரை ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்கு வந்தது. தண்ணீர் நிறம் மாறியிருக்கிறது, நாற்றமடிக்கிறது என்று தாய்மார்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டுபோய்க் கூட்டத்தில் காட்டினார்கள், தண்ணீர் பாதுகாப்பானது என்ற பதிலே மாதக்கணக்கில் வந்தது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதை ஒரு குழந்தை மருத்துவர் கணக்கெடுத்து வெளியிட்டபோதும் முதலில் அவருடைய கணக்குதான் தவறு என்றார்கள். பிறகுதான் ஒப்புக்கொண்டு 2015 அக்டோபரில் பழைய நீருக்கு மாறினார்கள்.

ஆற்று நீருக்கு மாறியது தவறான முடிவு. அதை மன்னித்திருப்பார்கள் என்றுகூட நான் நினைக்கிறேன். கண்ணால் பார்த்ததை, மூக்கால் முகர்ந்ததை, இல்லை என்று சொன்னதை மன்னிப்பது கடினம். அதற்குப் பிறகு அரசு சொல்லும் எந்தச் சொல்லையும் அளக்க மக்களிடம் வேறு படிக்கல் இல்லாமல் போய்விடுகிறது.

இங்கிலாந்தில் 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசல். அதில் இறந்தவர்கள் 97 பேர். குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் காரணம் என்று பழி போடப்பட்டது. 2012-இல் சுதந்திரக் குழு ஒன்று ஆவணங்களைத் திறந்து பார்த்தபோது, காவலர்களின் 164 வாக்குமூலங்கள் திருத்தப்பட்டிருந்ததும், அவற்றில் 116 காவல்துறைக்குப் பாதகமான வரிகளை நீக்கவோ மாற்றவோ திருத்தப்பட்டவை என்பதும் வெளியே வந்தது. பிரதமர் மன்னிப்புக் கேட்டபோது 23 வருடம் ஓடியிருந்தது. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்ற தீர்ப்புக்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மறைத்தது ஒரு பிரிவினரிடம் என்றால் காயம் அந்தப் பிரிவின் அடுத்த தலைமுறைக்கும் போகிறது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை டஸ்கீகி என்ற இடத்தில் சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் 399 பேருக்கு மேகநோய் (சிஃபிலிஸ்). அதைக் குணப்படுத்தும் பெனிசிலின் வந்த பிறகும் அவர்களுக்கு மருந்து கொடுக்கவில்லை, என்ன நோய் என்றும் சொல்லவில்லை. 1972-இல் விஷயம் செய்தியானது. அதன் பிறகு நடுத்தர, முதிய வயதுக் கறுப்பின ஆண்கள் மருத்துவர்களிடம் போவதே குறைந்தது என்றும், 45 வயதில் அவர்களுக்கு எஞ்சியிருந்த ஆயுள் சராசரியாக ஒன்றரை வருடம் வரை குறைந்தது என்றும் பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் 2018-இல் கணக்கிட்டார்கள். ஒன்றரை வருடம் என்ற அளவை விவாதிக்கலாம், அது மதிப்பீடுதான். ஆனால் நம்பிக்கை போனால் உயிரும் போகும் என்பதற்கு இதைவிட நேரான சான்றை நான் படித்ததில்லை.

மறைப்பதற்கு நெருங்கிய சொந்தம், தனக்கொரு சட்டம் ஊருக்கொரு சட்டம் என்பது. 2020 மே மாதம், எல்லோரையும் வீட்டிலேயே இருக்கச் சொன்ன காலத்தில் பிரிட்டிஷ் பிரதமரின் தலைமை ஆலோசகர் லண்டனிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி டரம் வரை போய்வந்தது தெரியவந்தது. அவர் பதவியில் நீடித்தார். அந்தச் சமயத்தில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கானோரிடம் தொடர்ந்து கேட்டுவந்த கணக்கில், செய்தி வந்த நாளிலிருந்து இங்கிலாந்தில் அரசு மீதான நம்பிக்கை சட்டென்று இறங்கியது தெரிகிறது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அங்கங்கே உள்ள அரசுகள் மீது அந்த அளவு சரிவு இல்லை. இதற்கு ஒரு மாதம் முன்பே ஸ்காட்லாந்தின் தலைமை மருத்துவ அதிகாரியும் இதே மாதிரி விதியை மீறித் தன் இன்னொரு வீட்டுக்குப் போய் மாட்டிக்கொண்டார், உடனே பதவி விலகினார். அதனால்தான் அங்கே சரியவில்லை என்று நிரூபிக்க முடியாது, ஆனாலும் என் கணிப்பு அந்தப் பக்கமே சாய்கிறது.

அப்படியானால் ஏறுவது எப்படி? இதில் நான் அதிகம் மதிப்பது சமூக உளவியலாளர் டாம் டைலரின் வேலையை. 1984-இல் சிகாகோவில் 1,575 பேரிடம் காவல்துறையோடும் நீதிமன்றத்தோடும் அவர்களுக்கு இருந்த அனுபவத்தைக் கேட்டார். வழக்கு தனக்குச் சாதகமாக முடிந்ததா என்பதைவிட, தன் தரப்பைக் கேட்டார்களா, மரியாதையாக நடத்தினார்களா, எல்லோருக்கும் ஒரே விதியா என்பதுதான் நம்பிக்கையை அதிகம் தீர்மானித்தது. கவுண்டரில் “முடியாது” என்று கேட்டுத் திரும்பியவர்கூட, ஏன் முடியாது என்று நிமிர்ந்து பார்த்துச் சொல்லியிருந்தால், அலுவலகத்தைத் திட்டாமல் வீட்டுக்குப் போவதை நானே பேட்டிகளில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 2023-இல் 30 நாடுகளில் கேட்டதில், அரசு செய்வதில் தன் குரலுக்கும் இடமிருக்கிறது என்று நினைப்பவர்களில் 69 சதவீதம் பேர் அரசை நம்பினார்கள், இடமில்லை என்பவர்களில் 22 சதவீதம்தான். குரல் கொடுத்ததால் நம்பினார்களா, நம்பியதால் குரலுக்கு இடமிருப்பதாக நினைத்தார்களா என்பதை இந்த ஒரு கணக்கு சொல்லாது, அதையும் சேர்த்தே படியுங்கள்.

வேகமாக ஏற்றிக் காட்டிய உதாரணமும் உண்டு. ஜார்ஜியா நாட்டில் 2004-இல் லஞ்சத்தில் ஊறிப்போன போக்குவரத்துக் காவல் பிரிவை மொத்தமாகக் கலைத்து, ஆயிரக்கணக்கானோரை ஒரேயடியாக அனுப்பிவிட்டு, நல்ல சம்பளத்தில் புது ஆட்களை எடுத்தார்கள். காவல் நிலையங்களைக் கண்ணாடிச் சுவர்களோடு கட்டினார்கள். சில வருடங்களில் காவல்துறை அந்த நாட்டில் மக்கள் அதிகம் நம்பும் நிறுவனங்களில் ஒன்றானது. தினமும் சாலையில் கை நீட்டியவர்கள் கை நீட்டுவதை நிறுத்தினார்கள் என்பதைச் சாதாரண மனிதர் தன் பையிலேயே பார்த்தாரே, விளம்பரம் எதற்கு? ஆனால் 2012 செப்டம்பரில் சிறைகளுக்குள் கைதிகளைச் சித்திரவதை செய்யும் வீடியோக்கள் வெளியாயின, இரண்டு வாரத்துக்குள் வந்த தேர்தலில் அந்த ஆட்சி தோற்றது. எஸ்தோனியா செய்தது இன்னும் எளிமையான வேலை. அரசிடம் உள்ள தன் தகவல்களை எந்த அலுவலகம் எப்போது எடுத்துப் பார்த்தது என்பதைக் குடிமகனே இணையத்தில் திறந்து பார்க்கலாம், காரணமில்லாமல் பார்த்த அதிகாரி பதில் சொல்ல வேண்டும்.

இனி, உறுதியில்லாதவை. வெளிப்படைத்தன்மை கூடினால் நம்பிக்கை கூடும் என்று பலரும் சொல்வார்கள், சோதனை ஆய்வுகளின் முடிவுகளோ கலவையாக இருக்கின்றன. உள்ளே நடப்பது தெரிந்தால் சில நேரம் ஏமாற்றமும் கூடுகிறது. சமூக ஊடகம்தான் காரணம் என்பதும் அப்படியே, அமெரிக்காவின் பெரிய சரிவு நடந்தது அதெல்லாம் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பு. அடுத்து, கேள்வி கேட்கவே பயப்படும் நாடுகளின் எண்கள். அங்கே நம்பிக்கை பெரும்பாலும் மிக உயரமாகப் பதிவாகிறது. திண்ணைப் பெரியவரின் “யாரெல்லாம் பார்ப்பாங்க?” இங்கேதான் வருகிறது. பதில் சொல்பவர் யார் என்று காட்டிக்கொடுக்காத மறைமுகக் கேள்விகளை வைத்துச் சோதித்த சில ஆய்வுகளில் அந்த ஆதரவில் பெரும்பகுதி உண்மையானதாகவே தெரிந்தது, வேறு சிலவற்றில் நன்றாகவே குறைந்தது. அதனால் அப்படிப்பட்ட நாட்டின் 80 சதவீதத்தையும் சுதந்திரமான நாட்டின் 40 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

நம்பிக்கை குறைவதே நோய் என்பதையும் நான் ஏற்கவில்லை. தத்துவ அறிஞர் ஒனோரா ஓ’நீல் பல வருடங்களாகச் சொல்லிவருவது எனக்குச் சரியாகப் படுகிறது: நம்பத் தகுந்தவரை நம்ப வேண்டும், தகாதவரை நம்பக் கூடாது, மொத்தமாக நம்பிக்கையைக் கூட்டுவது ஒரு இலக்கே இல்லை. டஸ்கீகிக்குப் பிறகு மருத்துவரைச் சந்தேகித்தவர்களிடம் என்ன குறை காண்பது?

எவ்வளவு காலம் ஆகும் என்றால், நம்பிக்கை மிக நீண்ட நினைவுள்ளது. மத்திய ஐரோப்பாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசு 1918-இல் மறைந்துவிட்டது. ஆனாலும் இன்று ஒரே நாட்டுக்குள் அதன் பழைய எல்லைக்கு இருபுறமும் வாழ்பவர்களை ஒப்பிட்ட ஆய்வு, பேரரசு இருந்த பக்கத்தில் நீதிமன்றத்தின் மீதும் காவல்துறையின் மீதும் நம்பிக்கை கூடுதலாக இருப்பதைக் காட்டியது. தனிமனிதர் வாழ்வில், 18 முதல் 25 வயதுக்குள் பார்ப்பது அதிகம் ஒட்டிக்கொள்கிறது என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. அந்த வயதில் பெருந்தொற்றைக் கண்டவர்களிடம் அரசு மீதான நம்பிக்கைக் குறைவு பல வருடம் கழித்தும் தெரிகிறது.

ஃபிளின்ட் நகரத்துக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2018 ஏப்ரலில், கிட்டத்தட்ட இரண்டு வருடமாகத் தண்ணீரில் ஈயத்தின் அளவு சட்ட வரம்புக்குள்தான் இருக்கிறது என்று சொல்லி, மாநில அரசு இலவசக் குடிநீர் பாட்டில் கொடுப்பதை நிறுத்தியது. கடைசி நாட்களில் விநியோக இடங்களில் கார்கள் வரிசையாக நின்றன, கிடைத்த மட்டும் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகும் பல வீடுகளில் காசு கொடுத்து வாங்கிய தண்ணீரில்தான் சமைத்தார்கள், குழந்தைகளைக் குளிப்பாட்டினார்கள். சோதனை முடிவுகள் பொய் என்பதற்கு எந்த ஆதாரமும் அவர்களிடம் இல்லை. அவற்றைச் சொன்னது 2014-இல் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொன்ன அதே அரசு.